கேஸ் ஷீட்டில் இல்லாத ஒரு கேள்வி

புணேயில் பணிபுரியும் தமிழ் மகப்பேறு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் மனநல ஆலோசகர்களுக்கும்,



இந்த ஊருக்கு நான் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மனநல ஆலோசனைதான் தொழில். உங்களில் சிலரை ராஸ்தா பேட்டையில் மாவு வாங்கும் கடையிலும், கட்கி ரயில் நிலையத்திலும், நைட் டியூட்டி முடிந்த கண்களோடு பார்த்திருக்கிறேன். இதை ஆங்கிலத்தில் எழுதினால் ஆஸ்பத்திரிச் சுற்றறிக்கை மாதிரி ஆகி, நோட்டீஸ் போர்டில் தொங்கி மஞ்சளாகிவிடும். கூச்சப்படும் விஷயத்தை முதலில் தாய்மொழியில் பேசிப் பழகினால்தான் பிறகு இந்தியிலோ மராத்தியிலோ கேட்க வாய் வருகிறது. எனக்கு அப்படித்தான் வந்தது. அதுவும் தாமதமாக.

என் தவறிலிருந்தே தொடங்குகிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு பெண்ணை அனுப்பினார்கள். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. மயில்நீல ரிதா, ஓரத்தில் வெள்ளை லேஸ், மடியில் பிளாஸ்டிக் ஃபைல். உள்பரிசோதனைக்கு மூன்று முறை முயன்று மூன்று முறையும் முடியவில்லை என்று ஃபைலில் இருந்தது. அதன் கீழே, அவசரக் கையெழுத்தில், நமக்கெல்லாம் பழக்கமான அந்த ஒற்றைச் சொல்: ‘அன்கோஆபரேட்டிவ்’. ஒத்துழைக்க மறுக்கிறார் என்று பொருள்.

மூன்றாவது சந்திப்பில், கிளம்பும் நேரத்தில், கைப்பையை மூடிக்கொண்டே சொன்னார். ஏழு வயதில் பாட்டி ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு மாடி வீட்டுக்குக் கூட்டிப்போனாராம். அங்கே டெட்டால் வாசனை அடித்ததாம். ஐஸ்கிரீமும் கிடைத்ததாம், பிறகு. இதை எந்தக் குரலில் சொன்னார் என்றால், பஸ் தாமதமாக வந்தது என்று சொல்கிற குரலில்.

நான் கேட்டேன்: “அப்படியென்றால் உங்களுக்கு அங்கே உணர்ச்சியே இருக்காதே?”

படித்த கட்டுரைகளெல்லாம் என் வாயில் வந்து நின்றதன் விளைவு அது. அவர் ஃபைலைச் சரிசெய்துகொண்டார், கட்டணத்தை மேசையில் வைத்தார், போனார். பிறகு வரவில்லை. (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக இதிலும் பின்னால் வருவதிலும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். கேட்ட கேள்வியை மட்டும் மாற்றவில்லை.)

தாவூதி போராக்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னையில் பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடையில் தங்க ஜரிகை ஓரம் போட்ட வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்திருப்பீர்கள். இங்கே காம்ப்பிலும் கொந்த்வாவிலும் ஃபாத்திமா நகரிலும் தினமும் பார்க்கிறீர்கள். ஷியா இஸ்லாத்தின் இஸ்மாயிலி மரபில் வந்தவர்கள். குஜராத்தி அடியில் அரபும் உருதும் கலந்த மொழி. உலகம் முழுக்கச் சுமார் 10 லட்சம் பேர். பெண்களைப் படிக்கவைக்கும் சமூகம். மருத்துவர்களும் ஆடிட்டர்களும் நிறைய. இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. ‘படிக்காத ஜனங்கள், பாவம்’ என்ற நம் வழக்கமான இரக்கம் இந்த இடத்தில் துளியும் பொருந்தாது.

இந்தச் சமூகத்தில் பெண் குழந்தைக்கு ஏழு வயதை ஒட்டி, கிளிட்டோரிஸின் மேல்தோல் மடிப்பையோ, அதோடு சேர்த்து இன்னும் கொஞ்சத்தையோ வெட்டுகிறார்கள். வீட்டில் சொல்லும் பெயர் கத்னா. மதச் சொல் கஃப்ஸ். வெட்டப்படும் அந்த இடத்துக்கு ‘ஹராம் நி போட்டி’, விலக்கப்பட்ட சதைத் துண்டு, என்று ஒரு பெயர் உண்டு. தமிழிலும் அந்த உறுப்புக்கு ஒரு தாய் தன் மகளிடம் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய பெயர் கிடையாது. இருப்பவை தெருவில் திட்டப் பயன்படுபவை. அவர்கள் மொழி அதைப் பாவம் என்கிறது, நம் மொழி வசை என்கிறது. நாம் அவர்களைவிட ரொம்பத் தூரம் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது உடற்கூறியல்படியே தவறு. நாம் படித்த புத்தகங்களில் கிளிட்டோரிஸ் ஒரு பட்டாணி. 1998-ல் மெல்போர்னில் ஹெலன் ஓ’கானல் என்ற சிறுநீரியல் அறுவை மருத்துவர் அதைப் பிரித்துப் பார்த்துச் சரியாக எழுதிய பிறகுதான், வெளியே தெரிவது முனை மட்டுமே, கால்களும் குமிழ்களுமாகப் பெரும்பகுதி உள்ளே இருக்கிறது என்பது பரவலாகத் தெரிந்தது. 2022-ல் அமெரிக்காவின் ஆரிகனில் எண்ணிப் பார்த்தபோது அதற்குப் போகும் நரம்பு இழைகள் பத்தாயிரத்துக்கும் மேல். ஆகவே முனையில் கத்தி பட்டவளுக்கு எல்லாம் முடிந்துபோயிற்று என்று சொல்வது பொய். முனையில் கத்தி பட்டதால் ஒன்றுமே ஆகவில்லை என்பதும் பொய்தான். தழும்பு, மடிப்பு ஒட்டிக்கொள்வது, சிறு நீர்க்கட்டி, வெட்டுப்பட்ட நரம்பு நுனி முடிச்சாகித் தொட்டாலே சுரீரென்பது எல்லாம் நடக்கும். ஏழு வயதுக் குழந்தை உடம்பில் அந்த இடத்தின் அளவை நினைத்துப் பாருங்கள். தோலை மட்டும் எடுத்தேன் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? கையில் பிளேடு, குழந்தை துள்ளுகிறது, இரண்டு பெண்கள் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் அறைக்கு வருகிறவர்கள் தழும்பைப் பற்றிப் பேசுவது குறைவு. அந்தக் கால்களைப் பிடித்த கைகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்நியர் செய்திருந்தால் கோபப்பட வழி உண்டு. இங்கே கூட்டிப்போனது பாட்டி, பிடித்தது அத்தை, வெளியே நின்றது அம்மா. அன்று இரவு சூப் வைத்துக் கொடுத்ததும் அதே அம்மா. ‘யாரிடமும் சொல்லாதே, அப்பாவிடம்கூட’ என்றதும் அவள்தான். அன்பையும் காயத்தையும் ஒரே கை தந்தால் குழந்தை எதை நம்பும்? என்னிடம் வந்த பலர் அதன் பிறகு எதையும் முழுதாக நம்பியதில்லை. அதைத் தங்கள் சுபாவம் என்று நினைத்துக்கொண்டு முப்பது நாற்பது வருடம் வாழ்ந்திருக்கிறார்கள்.

உடம்பு தன் பங்குக்கு வேறு கணக்கு வைத்திருக்கிறது. மனதுக்கு நினைவில்லாவிட்டாலும் தொடைக்கு நினைவிருக்கிறது. படுத்து, காலை விரித்து, மேலே விளக்கு, பக்கத்தில் ஒரு பெண் ‘ஒன்றுமில்லை, சீக்கிரம் முடிந்துவிடும்’ என்கிறாள். இது ஏழு வயதில் நடந்த காட்சியா, நம் லேபர் ரூமா? இரண்டும் ஒன்று போலத்தானே இருக்கிறது? இடுப்புத் தசை கெட்டியாக மூடிக்கொள்கிறது. வஜினிஸ்மஸ் என்று நாம் எழுதுவதில் எத்தனை பேருக்கு இந்தக் காட்சி பின்னால் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு. முதலிரவில் அதே தசை அதே வேலையைச் செய்கிறது. கணவனுக்கு விஷயமே தெரியாது. தன்னைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறான். ஆசை வருவதே தப்பு என்று சொல்லித்தான் வெட்டியிருக்கிறார்கள் என்பதால், ஆசை வரும் சிலருக்கு ஆசையோடு குற்ற உணர்ச்சியும் வருகிறது.

2005-ல் செனகலின் டக்கார் நகரில் செய்த ஓர் ஆய்வு உண்டு. வெட்டப்பட்ட 23 பெண்கள், வெட்டப்படாத 24 பெண்கள். முதல் குழுவில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு. சின்ன ஆய்வு, ஆப்பிரிக்கச் சூழல். அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. போரா பெண்களே தொடங்கிய சஹியோ அமைப்பு 2017-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 385 பெண்கள் பதில் சொன்னார்கள். 80 சதவீதம் பேருக்குக் கத்னா நடந்திருந்தது. நடந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மனதில் அது நீங்காத தடம் விட்டதாகவும், மூன்றில் ஒரு பங்கினர் தாம்பத்தியத்தைப் பாதித்ததாகவும் சொன்னார்கள். 2018-ல் வீஸ்பீக்அவுட் அமைப்புக்காக 94 பேரைச் சந்தித்து எழுதிய ஆய்வும் தாம்பத்தியப் பாதிப்பில் அதே மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வந்து சேர்ந்தது. முன்வந்து பேசியவர்களின் கணக்கு இது, சமூகம் முழுவதன் கணக்கு அல்ல. இதைத் திருப்பியும் படியுங்கள்: மூன்றில் இரண்டு பங்கினர் அப்படிச் சொல்லவில்லை. சிலருக்கு உண்மையிலேயே பாதிப்பில்லை. சிலருக்கு ஒப்பிட்டுச் சொல்ல வேறோர் உடம்பு இல்லை. யார் எந்த வகை என்பதை நாம் வெளியிலிருந்து முடிவு செய்ய முடியாது. அன்று நான் செய்தது அதைத்தான்.

இன்னொரு வகையினர் மனநலப் பிரிவுக்கே வருவதில்லை, உங்களிடம் தூக்க மாத்திரைக்கு வருகிறார்கள். அப்படி ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும். தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு, ஈசிஜி சரி, தைராய்டு சரி. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு என்னிடம் வந்தார். எப்போதிருந்து என்று கேட்டேன். ஜூனிலிருந்து என்றார். ஜூனில் என்ன? மகள் இரண்டாம் வகுப்புக்குப் போனாள். அவ்வளவுதானா? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மாமியார் தேதி கேட்கிறார்” என்றார். தன் ஏழு வயதைப் பற்றி அவர் இருபத்தெட்டு வருடம் நினைத்ததில்லை. மகளுக்குப் பல் விழ ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. குளிப்பாட்டும்போது குழந்தையைப் பார்க்க முடியவில்லை என்றார்.

இந்தத் தாயைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தனக்கு நடந்ததைப் பேசக் கிடைத்த இடத்தில்தான் ஒரு தாய் மகளுக்கு வேண்டாம் என்று சொல்லும் தெம்பைப் பெறுகிறாள். மேற்சொன்ன சஹியோ கணக்கெடுப்பில் 81 சதவீதம் பேர் இந்த வழக்கம் தொடர வேண்டாம் என்றவர்கள். மனதில் இருக்கிறது, மாமியார் முன்னால் வாயில் வருவதில்லை.

டெல்லியில் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது நம் மேசைக்குத்தான் திரும்பி வருகிறது. 2017-ல் ஒரு வழக்கறிஞர் இந்த வழக்கத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதே ஆண்டு டிசம்பரில் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம், இந்தியாவில் இந்த வழக்கம் இருப்பதாகக் காட்டும் அதிகாரபூர்வத் தரவோ ஆய்வோ இல்லை என்று பதில் தந்தது. 2018-ல் அரசின் தலைமை வழக்கறிஞர், இது ஏற்கெனவே குற்றமே என்று அதே நீதிமன்றத்தில் வாதிட்டார். அந்த செப்டம்பரில் வழக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது; 2019 நவம்பரில் சபரிமலை மறுஆய்வுத் தீர்ப்போடு சேர்ந்து இன்னும் பெரிய அமர்வுக்கான கேள்விகளுக்குள் போய்ச் சேர்ந்தது.

தரவு இல்லை என்கிறார்கள். தரவு எங்கிருந்து வரும்? நம் கேஸ் ஷீட்டிலிருந்து. அதில் கடைசி மாதவிடாய்த் தேதி இருக்கிறது, கருக்கலைப்பு எத்தனை என்று இருக்கிறது, சர்க்கரை, பிரஷர், பென்சிலின் ஒவ்வாமை எல்லாம் இருக்கிறது. இதற்குக் கட்டம் இல்லை. பிரசவம் பார்க்கும்போது தழும்பைக் கண்ணால் பார்த்தும் எழுதாமல் விட்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

‘ஆப்பிரிக்காவில் செய்வது வேறு, இது வெறும் கீறல்’ என்று உங்களிடம் சொல்வார்கள். நம் சக மருத்துவர்களே சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் மேல்தோல் மடிப்பை எடுப்பது முதல் வகையிலும், குத்துவதும் கீறுவதும் நான்காம் வகையிலும் வருகின்றன. எந்த வகைக்கும் மருத்துவப் பலன் ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு போரா குடும்பத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், சிறு காயமும் சட்டம் சொல்லும் சிதைப்பில் அடங்கும் என்று 2019-ல் தீர்ப்பானது. அங்கும் வேறு சில வெளிநாடுகளிலும் சட்டத்துக்குப் பயந்து 2016-லேயே பல நகர ஜமாஅத்துகள் ‘செய்யாதீர்கள்’ என்று கடிதம் அனுப்பின. சிட்னியில் நிறுத்த முடிந்தது என்றால் கொந்த்வாவில் ஏன் முடியாது என்று என்னிடம் கேட்டவர் ஒரு போரா பாட்டிதான்.

நமக்கும் இது அடுத்த வீட்டு விஷயம் அல்ல. கடல் தாண்டி இலங்கையில், தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே, பிறந்து நாற்பது நாளை ஒட்டி இதைச் செய்யும் ‘ஒஸ்தா மாமி’ என்ற பெயர் தமிழில் வழங்கும் பெயர்தான். மருத்துவப் பணியாளர்கள் இதைச் செய்யக்கூடாது என்று அங்கே சுகாதார அமைச்சகம் 2018-ல் சுற்றறிக்கை விட்டது. விட வேண்டிய அவசியம் வந்தது என்பதைக் கவனியுங்கள். மாமியின் பிளேடு போய் டாக்டரின் ஸ்கால்பெல் வந்தால் கிருமி வேண்டுமானால் குறையும். மரப்பு ஊசி போட்டுச் செய்தாலும் காலைப் பிடித்த கை அதேதான். மேலே வெள்ளைக் கோட்டும் சேர்ந்துகொள்கிறது. ‘நீங்களே சுத்தமாகச் செய்துவிடுங்கள், இல்லையென்றால் வேறு யாரிடமாவது போவோம்’ என்று கேட்டு வருகிறவர்களிடம் இளகிவிடாதீர்கள்.

குழந்தைக்கு நடக்கப்போகிறது என்று தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவு இருக்கிறது. நடந்த குற்றத்தை மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சத்தையும் தெரிவிக்கச் சொல்கிறது அது. 1098-ஐ அழைக்கலாம். ஆனால் ஒன்று: அந்தப் பொறுப்பு உங்களுக்கு இருப்பதை அவர் வாய் திறப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். பேசவைத்துவிட்டுப் பிறகு சொன்னால் நீங்களும் ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகக் கூட்டிப்போனவராகிவிடுவீர்கள்.

எப்படிக் கேட்பது? கூட வந்தவர் யாராக இருந்தாலும் வெளியே உட்காரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, ஆடை மாற்றச் சொல்வதற்கு முன்பே, நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கும்போதே கேளுங்கள். ‘சிதைப்பு’ என்ற பொருள் வரும் எந்தச் சொல்லும் வேண்டாம். அது சட்டத்துக்கு, ஐ.நா.வுக்கு. தன் உடம்பைச் சிதைந்தது என்று கேட்டுக்கொள்ள யாருக்கும் பிடிக்காது. “பச்பன் மே ஆப் கா கத்னா ஹுவா தா?” சிறு வயதில் உங்களுக்குக் கத்னா நடந்ததா, அவ்வளவுதான். மாதவிடாய்த் தேதி கேட்கிற குரலிலேயே. ஆம் என்றால், “அதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ‘ஐயோ’ என்று முகம் சுளிக்காதீர்கள். அவருடைய அம்மாவைத் திட்டாதீர்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். நாளை அதே அம்மா கையில் டிபன் கேரியரோடு வருவார்.

பரிசோதனை தேவையென்றால், கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன் என்று சொல்லுங்கள். தூக்கினால் உண்மையாகவே நிறுத்துங்கள். கண்ணாடியைக் கொடுத்து அவர் உடம்பை அவருக்கே காட்டி, இது இருக்கிறது, இது இங்கே குறைந்திருக்கிறது, மீதி உள்ளே இருக்கிறது என்று படம் வரைந்து சொன்ன ஒரு மருத்துவரை எனக்குத் தெரியும். பத்து நிமிட வேலை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, தாம்பத்திய ஆலோசனை, இடுப்புத் தசைப் பயிற்சி ஆகியவற்றுக்குப் பலன் இருக்கிறது. முதல் இரண்டையும் 2016-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. எங்களிடம் அனுப்புங்கள், ஆனால் ‘அன்கோஆபரேட்டிவ்’ என்று எழுதி அனுப்பாதீர்கள்.

மத விஷயத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும் என்று தயங்குகிறவர்களுக்கு இந்த ஊரின் பழைய கதை ஒன்று. சிறுமிகளின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கும் சட்டம் 1891-ல் வந்தபோது, அந்நிய அரசு நம் ஆசாரத்தில் கை வைக்கக்கூடாது என்று இதே புணேயிலிருந்து மூர்க்கமாக எதிர்த்தவர் பாலகங்காதர திலகர். கல்கத்தாவில் ஃபூல்மோனி என்ற சிறுமி கணவனின் வல்லுறவில் இறந்த வழக்கு அதற்கு முந்தைய ஆண்டுதான் முடிந்திருந்தது. இதே ஊர் ஃபெர்குசன் கல்லூரியில் படித்த ரகுநாத் தோண்டோ கார்வே, 1927-லிருந்து ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்திப் பத்திரிகை நடத்தினார். தாம்பத்தியம் பற்றி வாசகர்கள் கூச்சத்தோடு எழுதிக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் போட்டதற்காக அவர் மேல் ஆபாச வழக்கு. 1934-ல் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். வழக்கில் தோற்றார்கள்; கார்வே சாகும்வரை பத்திரிகையை நிறுத்தவில்லை. அவருக்கு வாசகர்களாவது கேள்வி அனுப்பினார்கள். நம்மிடம் வருகிற பெண்கள் அதையும் கேட்பதில்லை, நாம்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அச்சடித்த படிவத்தில் புதுக் கட்டம் சேர்க்கக் கமிட்டி கூட வேண்டும், மேலிடம் ஒப்ப வேண்டும். அதுவரை மாதவிடாய்த் தேதிக்குப் பக்கத்தில் இருக்கும் காலி இடத்தில் பேனாவால் எழுதுங்கள்: கத்னா, ஆம் அல்லது இல்லை, எந்த வயதில், இப்போது ஏதாவது சிரமம் உண்டா. ஒரு வருடம் எழுதிப் பாருங்கள். பெயர்களை நீக்கிவிட்டு நம் எண்களை ஒன்றாக உட்கார்ந்து கூட்டலாம், என் வீட்டிலேயே. காபி நான் போடுகிறேன். முதல் நாள் கேட்கும்போது நாக்குக் குழறும். எனக்கும் குழறியது. இருந்தாலும் நாளைக் காலை ஓ.பி.யிலேயே தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி
புணே